உரைகல்

ஞாயிறு இரண்டரைக்கு மருதனார்மடத்தில் ஆங்கில வகுப்பு.
தடைதாண்டல் பரீட்சைக்குப் படிக்கிற பதினொரு பேர்,
எல்லோருக்கும் நாற்பது தாண்டிவிட்டது.
துஷாந்தி மிஸ்ஸுக்கு இருபத்துமூன்று.

பலகையில் இரண்டு வசனம் எழுதினா:
அவன் சிங்கம் போன்றவன்.
அவன் சிங்கம்.
'லைக்' நின்றால் உவமை, நிற்காவிட்டால் உருவகம்,
அவ்வளவுதான், பயப்படாதேங்கோ என்றா.
சிங்கத்தை நாங்கள் கொடியில் மட்டும் கண்டவர்கள்.
பேசாமல் எழுதிக்கொண்டோம்.

மின்சாரசபையில் மீற்றர் வாசிக்கிற தவக்குமார்
'ஐ லைக் தோசை'க்குக் கீழே கோடிழுத்து
உவமை என்று எழுதிவைத்தார்.
இரண்டு கிழமை அதுதான் சிரிப்பு.
எனக்கென்னவோ அவர் முழுப்பிழை இல்லை என்று பட்டது.
ஒன்று பிடித்துப்போனால்தானே
இன்னொன்றை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம்.

என் வேலை சுன்னாகத்தில், வங்கியின் அடகுப் பிரிவில்.
கறுத்தக் கல்லில் ஓர் இழுவை,
அதன்மேல் ஒரு துளி அமிலம்.
கோடு நின்றால் தங்கம்.
கரைந்தால், தங்கம் மாதிரி.
பதினேழு வருடமாக நானும்
இதைத்தான் பிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்,
பேர் தெரியாமல்.

செவ்வாய்க்கிழமை, டோக்கன் நாற்பத்தொன்று.
கனகேஸ்வரி, உரும்பிராய்.
மொறட்டுவையில் படிக்கிற மகனுக்கு
அறை வாடகை, ஆறு மாத முற்பணம்.
கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தபடியே
கேட்காமலே சொன்னா:
"என்ர மனுசன் தங்கம், தங்கச்சி.
போன ஐப்பசியில தானே கொண்டுபோய்
மினுக்கிக்கொண்டு வந்து தந்தவர்."

உருவகம், இரண்டு தரம்,
என்று மனம் கோடிழுத்தது.
பழக்கதோஷம்.

உரைத்தேன். துளி விட்டேன்.
மஞ்சள் கோடு பச்சையாய் நுரைத்தது.
கல்லைத் துடைத்துவிட்டு கொழுக்கிப் பக்கம் ஒருக்கா,
பதக்கத்தின் விளிம்பில் ஒருக்கா.

பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் அப்போது பார்த்து வந்தது.
மலர்முகம் என்றால் உவமைத்தொகை,
'போல' உள்ளே தொக்கி நிற்கும்.
முகமலர் என்று திருப்பிவிட்டால் உருவகம்.
இங்கே செம்பு தொக்கி நின்றது.
யாரோ அந்தச் சின்னச் சொல்லை உள்ளே ஒளித்து
வெளியை மினுக்கியிருக்கிறார்கள்.
யாரென்று கல் சொல்லாது.

உவமை, படலையிலேயே நின்று
'நான் அது இல்லை, அதைப்போல ஆள்' என்று சொல்லிவிடும்.
உருவகம் கேளாமல் உள்ளே வந்து
கதிரையில் இருந்துவிடும்.
பொய்யும் அப்படித்தான் வரும்.
இரண்டையும் எதை வைத்துப் பிரிப்பதென்று
மிஸ்ஸிடம் கேட்க வேணும்.

கண்ணாடியின் சிறு ஓட்டைக்குள்ளால்
விதிப்படி சொல்லவேண்டியது, 'ஏற்க முடியாது.'
நான் சொன்னேன்,
"அக்கா, இது பவுண் மாதிரி."

"ஓம் ஓம், பவுண். அஞ்சரை," என்றா.

பின்னால் டோக்கன் நாற்பத்திரண்டு இருமினது.
மின்விசிறி ஒரு சுற்று முடித்தது.
அதற்குப் பிறகுதான்
'மாதிரி' அவவிடம் போய்ச் சேர்ந்தது.

அந்த முகத்துக்கு நான் எதையும் ஒப்பிடமாட்டேன்.

சங்கிலியைத் திரும்ப முடிந்தா.
முடிச்சு இரண்டு தரம் வழுக்கியது.
"மினுக்கினவன் மாத்திப்போட்டான்.
இவர் பாவம், இவருக்கு இதுகள் விளங்காது.
இவர் தங்கம்."
என்னிடம் சொன்னாவா, தன்னிடமா தெரியாது.
குடையை மறந்து போய், திரும்பி வந்து எடுத்தா.

அந்த ஞாயிறு வீட்டுவேலை:
சொந்தமாக ஓர் உவமை, ஓர் உருவகம்.
நான் எழுதினது,
அந்தச் சங்கிலி தங்கம் போன்றது.
அவளுடைய கணவன் தங்கம்.

மிஸ் இரண்டுக்கும் சரி போட்டா.
'ஹஸ்பண்ட்'டில் விடுபட்ட ஓர் எழுத்தைச் செருகிவிட்டு
கீழே 'மிக நன்று' என்றும் எழுதினா.

அந்தச் சிவப்புச் சரியின்மேல்
ஒரு துளி விட்டுப் பார்க்க
வகுப்புக்குப் போத்தல் கொண்டுபோவதில்லை.